பித்தப்பையை எடுத்த பிறகும் கல் வருமா?

காரைக்குடியில் வயிற்று நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

தேவகோட்டை வாசகி: ஆச்சிக்குப் பித்தப்பையை எடுத்து 4 வருஷமாச்சு. இப்போ குழாயில் கல்லுன்னு சொல்றாங்க. அன்னைக்கே விட்டுட்டாங்களா டாக்டர்?

பை போனாலும் ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பித்தநாளம் இருக்கத்தானே செய்கிறது? 2 வருஷத்துக்குள் கண்டால் விடுபட்ட கல், அதற்குப் பின் என்றால் புதுக்கல் என்பது எங்கள் பொதுக் கணக்கு. எடுக்கும்போது கல்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழுப்பாக இருந்து, நசுக்கினால் களிமண் மாதிரி உதிர்ந்தால் பெரும்பாலும் குழாயிலேயே உண்டானது.

கானாடுகாத்தான் வாசகர்: யாருக்குத் திரும்ப வரும்?

நம் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் ஓடும்வரை சுத்தம், தேங்கிய இடத்தில் வண்டல். பித்தமும் அப்படித்தான். குழாய் 15 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, நடுவில் மடங்கியோ சுருங்கியோ இருந்தாலோ தேங்கும். குழாய் குடலில் திறக்கும் வாயருகே குடல்சுவர் பைபோலப் புடைத்திருப்பது இன்னொரு காரணம். வயதானவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். முதல் தடவையே பல கற்கள் இருந்தவர்கள், உடைத்து எடுக்க வேண்டிவந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தொண்டைவழியே கேமராக் குழலைக் குடல்வரை விட்டுச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையில், பித்தக்குழாயின் அந்த வாயைக் கீறித்தான் கல்லை எடுக்கிறோம். கீறிய வழியே குடல் கிருமி மேலே ஏறலாம். அதன் நொதி பித்தத்திலுள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளைப் பிரித்துவிட, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. அதற்காகக் கீறாமல் விட்டால் இருக்கிற கல்லே ஆளைக் கவிழ்த்துவிடும்.

புதுவயல் வாசகர்: வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமாண்ணே?

தாராளமாக. ஆனால் அது சிறுநீரகக் கல்லுக்கு ஊரில் சொல்லும் வைத்தியம். சிறுநீர் போகும் பாதை வேறு, பித்தம் போகும் பாதை வேறு.

பள்ளத்தூர் வாசகி: கோழி வறுவல் சாப்பிட்டதால்தான் திரும்ப வந்ததா?

பாவம், கோழிமேல் பழி போடாதீர்கள். குழாயின் அமைப்புதான் இதில் பெரிய குற்றவாளி.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன்: அப்பச்சிக்குக் குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து 7 மாசம். வலி இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கலாமா?

கூடாது. ஸ்டென்ட் என்பது பித்தம் தடையின்றி ஓட வைக்கும் சிறு குழல். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை 3 மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலியில்லாமலே அடைத்துக்கொள்ளும், அதைச் சுற்றியே கல்லும் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டை வீட்டுப் பத்திரத்தோடு பெட்டகத்தில் பூட்டிவைப்பது நம்மவர் வழக்கம். எடுக்கச் சொன்ன தேதி அதில்தான் இருக்கும். இன்றைக்கே போன் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வாரமே வைத்த இடத்துக்கு அழைத்துப் போகட்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது மேல்வயிற்றில் வலி என்று ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், ராத்திரியானாலும் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.