கல்யாணப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கல்யாண நாள் ஞாபகமாக வீட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், அவை என்ன நிலையில் இருக்கின்றன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டுப்புடவைப் புலம்பல். முதலில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

என் முகூர்த்தப் புடவை ஆரணியில் எடுத்தது. கல்யாணமாகி 27 வருடம் ஆகிறது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்திருந்தேன். போன மாதம் பிரித்துப் பார்த்தால் ஜரிகை கறுத்திருக்கிறது, மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சரிசெய்ய முடியுமா?
— வாசகி, குடியாத்தம்

புள்ளிகளைச் சரிசெய்யலாம். ஜரிகையை ஓரளவுக்குத்தான்.

அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளியே தெரியும். காற்றிலுள்ள கந்தகம் அந்த வெள்ளியைப் பிடித்துக் கறுக்க வைக்கும். ஈரம் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். பிளாஸ்டிக் உறை உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடியிருந்தாலே போதும். புடவையைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்ட், கட்டியபோது அடித்த சென்ட், துடைக்காமல் விட்ட வியர்வை ஆகிய மூன்றும் ஜரிகைக்கு ஆகாது.

கறுப்பு போகட்டும் என்று புளி, பற்பசை, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பொடி எதையும் தொடாதீர்கள். கறுப்போடு மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். பட்டுக்கென்றே டிரை வாஷ், ரோலிங் செய்கிற கடையில் கொடுத்தால் மேலோட்டமான மங்கல் குறையும். ஆழமாகக் கறுத்தது அப்படியேதான் இருக்கும். 27 வருடப் புடவை புதுசு போல மின்ன வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

வெள்ளைப் புள்ளி பூஞ்சையாக இருக்கலாம், அந்துருண்டைப் பொடியாகவும் இருக்கலாம். புடவையை வெயில் படாமல், வீட்டுக்குள் கொடியில் இரண்டு நாள் காற்றாடப் போடுங்கள். அந்துருண்டைப் பொடி தானாகவே ஆவியாகிவிடும். பூஞ்சை போகாது, மக்கல் வாடையும் அடிக்கும். பூஞ்சைதான் என்றால் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மொட்டை மாடி நிழலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு டிரை வாஷுக்குக் கொடுக்கும்போது "பூஞ்சை இருந்தது" என்று சொல்லிக் கொடுங்கள். முந்தானை ஓரத்தில் தாலி கட்டும்போது பட்ட மஞ்சள் கறை இருந்தால் சோப்புப் போடாதீர்கள். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் செக்கச்சிவந்து போகும். அந்தக் கறை புடவையைக் கெடுக்காது, விட்டுவிடலாம்.

திரும்ப வைப்பதற்குப் பழைய வெள்ளை வேட்டிதான் நல்லது. நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத பருத்தியாக இருக்க வேண்டும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். ஜரிகையும் ஜரிகையும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் ஒரு துண்டுத் துணி வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். பழைய மடிப்பு இந்தத் தடவை நடுவில் வர வேண்டும். பீரோ சுவரை ஒட்டி நிற்காமல் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். பரணில் வைக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, கூரைக்குக் கீழே சூடு இன்னும் அதிகம். காற்றாடப் போடத் தோதான காலம் தை, மாசி.

அந்துருண்டைக்குப் பதில் வசம்புத் துண்டு, கிராம்பு, மிளகு கட்டிய சின்ன மூட்டை போதும். அதுவும் துணியைத் தொடாமல் தட்டின் மூலையில் இருக்க வேண்டும். இன்னொன்று: அந்துருண்டை வாடை அடிக்கும் புடவையில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதோ தொட்டில் கட்டுவதோ கூடாது. சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும்.

மகள் கல்யாணத்தில் என் அம்மாவின் கூறைப்புடவையைக் கட்ட ஆசைப்படுகிறாள். மடிப்பில் இரண்டு இடத்தில் கீறல் இருக்கிறது. இதற்கிடையில், "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று தெருவில் வருபவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, ஆற்காடு

கீறல் இல்லாத இடத்தில் ஒரு ஜாண் அகலத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக விரித்துப் பாருங்கள். நூல் விலகி வெளிச்சம் தெரிந்தாலோ, 'சர்' என்று மெல்லச் சத்தம் வந்தாலோ பட்டு நைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் புடவையை உடுத்தக் கூடாது. கொசுவம் செருகும் இடுப்பிலும், உட்காரும்போது இழுபடும் பின்பக்கத்திலும் முதலில் கிழியும். மணமேடையில் அது நடந்தால் எவ்வளவு சங்கடம்!

பட்டு உறுதியாக இருந்து கீறல் மட்டும் என்றால், அடியில் அதே நிறத்தில் மெல்லிய வலைத் துணி வைத்துப் பட்டு நூலால் தையல் போடச் சொல்லுங்கள். பசை, இஸ்திரி போட்டு ஒட்டும் துணி இரண்டும் வேண்டாம். சில வருடத்தில் விறைத்துப்போய், ஒட்டின இடத்தைச் சுற்றிப் புதிதாகக் கிழியும்.

உடல் பகுதி நைந்து, பார்டரும் முந்தானையும் நன்றாக இருந்தால் அவற்றை எடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். தைக்கக் கொடுப்பதற்கு முன் பழைய புடவையை முழுசாக விரித்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். புதுப் பட்டு, பார்டரின் கனத்தைத் தாங்கும் கெட்டியில் இருக்க வேண்டும். மெல்லிய பட்டில் கனமான பார்டர் வைத்தால் ஓரம் சுருங்கித் தொங்கும்.

தெருவில் வருபவர் வாங்குவது ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகத்தான். எங்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உள்பக்க ஓரத்தில் ஓர் இழை ஜரிகையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் ஜரிகை, வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் பெரும்பாலும் போலி. அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

1993ல் எங்கள் கல்யாணம். வீடியோ கேசட் இரண்டு இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. பென் டிரைவில் மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், ஆம்பூர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். காந்த நாடாவுக்கு 20, 30 வருடம்தான் ஆயுள் என்பார்கள், உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியும் 2016ல் நிறுத்திவிட்டது. ரிப்பேருக்கு உதிரி பாகம் வருடத்துக்கு வருடம் அரிதாகிறது.

முதலில் கேசட்டின் கண்ணாடிச் சன்னலை டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடா பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும். விளிம்பில் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் பூஞ்சை. அதை எந்த டெக்கிலும் போட விடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும், டெக்கின் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்ட கேசட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள். பக்கவாட்டிலுள்ள சின்ன பிளாஸ்டிக் தகடு உடையாமல் இருந்தால் நீங்களே உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கைதவறி மேலே பதிவாகிவிடும் ஆபத்து உண்டு.

பூஞ்சை இல்லையென்றால், கடைக்காரரிடம் நாடாவை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே பதிவு செய்யச் சொல்லுங்கள். பல வருடம் அசையாமல் இருந்த நாடா தளர்ந்தால்தான் படம் ஆடாமல் வரும். நம் நாட்டுக் கேசட்டை மாற்றும்போது படத்தின் சரியான அளவு 720க்கு 576 பிக்சல், வினாடிக்கு 25 சட்டகம் (பிரேம்). ஒரு மணி நேரப் படம் சுமார் மூன்றரை ஜிபி வந்தால் தரம் போதுமானது. மூன்று மணி நேரக் கேசட்டை 700 எம்பியில் அடைத்துக் கொடுத்தால் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், வாங்காதீர்கள். 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்பதற்கும் காசு கொடுக்க வேண்டாம், கேசட்டில் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும்விட முக்கியம்: எடிட் செய்யாத முழுப் பதிவு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் இரைச்சலாக இருக்கிறதென்று ஒலியை எடுத்துவிட்டு ஏதாவது பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். கெட்டிமேளமும், "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தும் பெரியப்பா குரலும் அந்த இரைச்சலில்தான் இருக்கின்றன. பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஹார்ட் டிஸ்க், வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் இன்னொரு நகல், இவை இரண்டும் தேவை. கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம்.

ஆல்பத்தில் போட்டோக்கள் பசைப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டன. பிய்த்தால் கிழிகிறது.
— வாசகர், வாலாஜாபேட்டை

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைக் கோடுகளின் மேல் போட்டோவை வைக்கும் ஆல்பம்தானே? 80களிலும் 90களிலும் பாதிப் பேர் வீட்டில் அதுதான். எடுப்பதற்கு முன் பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. அதன் பிறகு, பல் இடுக்கில் விடும் மெழுகு இல்லாத நூலைப் போட்டோவின் மூலைக்கு அடியில் செருகி, ரம்பம் அறுப்பது போல மெதுவாக இழுத்து வாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், ஸ்கேன் இருக்கிறதல்லவா. ஹேர் டிரையர் பிடித்தால் பசையோடு படத்தின் மேல்பூச்சும் இளகும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிய போட்டோவைப் பிரிக்க முயலவே வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் போடுங்கள்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை ஆல்பத்துக்குள் செருகி வைத்திருந்தால் தனி உறைக்கு மாற்றுங்கள், மஞ்சள் பக்கத்துப் படத்தில் ஏறும்.

அப்பா அம்மாவுக்கு 60ஆம் கல்யாணம் செய்யப் போகிறோம். பழைய பத்திரிகையில் ஆங்கிலத் தேதி இருந்த இடம் கிழிந்திருக்கிறது. 'ருத்ரோத்காரி வருடம் ஆவணி 26, ஞாயிற்றுக்கிழமை, வட ஆற்காடு மாவட்டம்' என்று மட்டும் தெரிகிறது. ஆங்கிலத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், சோளிங்கர்

கிழமை இருப்பது அதிர்ஷ்டம். கடைசியாக வந்த ருத்ரோத்காரி 1983 ஏப்ரலில் தொடங்கியது. ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கும், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆக ஆவணி 26 என்பது செப்டம்பர் 11 அல்லது 12. 1983 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை, அதுதான் தேதி. மாவட்டப் பெயரும் ஒத்துப்போகிறது: வட ஆற்காடு 1989ல்தான் பிரிந்தது. அதற்கடுத்த சில வருடப் பத்திரிகைகளில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருக்கும். உங்கள் ராணிப்பேட்டை மாவட்டம் வந்தது 2019ல்.

தை, மாசி, பங்குனிக் கல்யாணம் என்றால் இங்கேதான் பலரும் தவறுவார்கள். ருத்ரோத்காரி தை என்றால் 1984 ஜனவரி, 1983 அல்ல.

கல்யாண மாலையைக் காயவைத்துப் பெட்டியில் வைக்கலாமா?
— புதுமணப்பெண், காட்பாடி

முழு மாலை வேண்டாம். சம்பங்கி ஈரம் மிகுந்த பூ, அழுகிக் கறுத்து எறும்பைக் கூட்டிவரும். மறுநாளே நான்கைந்து ரோஜா இதழ்களை எடுத்து, பழைய டைரியில் வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். ஜிகினா, நூல் எல்லாம் போகட்டும்.

மொய் நோட்டில் எழுத்து மங்குகிறது. இதை வைத்திருப்பதில் பயன் உண்டா?
— வாசகர், அணைக்கட்டு

நிறைய உண்டு. ஆல்பத்தில் யார் யார் என்று தெரியாத முகங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. சன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் நேராகப் படம் எடுங்கள். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள். மங்கிய எழுத்தின் மேல் மறுபடி பேனாவால் எழுதாதீர்கள். அதற்கென்று தனி நோட்டுப் போட்டு ஊர், பெயர், உறவு, கொடுத்தது என்று நான்கு பத்தி பிரித்துப் பெயர்த்து எழுதுங்கள். 'சின்னசாமி 5 ரூ' என்று மட்டும் இருந்தால் எந்த ஊர்ச் சின்னசாமி என்று சொல்லக்கூடிய அத்தையோ மாமாவோ இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள்.