வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்விகளைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பேச்செல்லாம் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும்தான், மொபைல் தனிக் கதை.

கேள்வி: குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய வித்தியாசமே தெரியவில்லையே சார்?

தெரியாது, ஏனென்றால் நாலுக்கும் உள்ளே ஓடுவது ஒன்றுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கூகுள் திறந்து வைத்த குரோமியம். ஓபரா 2013-இல் தன் சொந்த எஞ்சினை (பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி) கைவிட்டு இதற்கு வந்தது, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் எட்ஜை இதன்மேல் மாற்றிக் கட்டி வெளியிட்டது. தனி எஞ்சினோடு நிற்பவை என்று பார்த்தால் பயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான், அந்த சஃபாரியும் 2012-க்குப் பிறகு விண்டோஸுக்கு வருவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: குரோமியத்தின் எஞ்சினான பிளிங்க், 2013-இல் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டிலிருந்து பிரிந்து போனது, அந்த வெப்கிட்டோ லினக்ஸ்காரர்கள் கேடிஈ என்ற டெஸ்க்டாப்புக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் எஞ்சினிலிருந்து கிளைத்தது. எல்லாம் பங்காளிகள்தான்.

ஆக, நம் முன்னால் இருப்பது இரண்டே வழி: குரோமியம் குடும்பத்தில் ஏதோ ஒன்று, இல்லையென்றால் பயர்பாக்ஸ். எது வேகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அப்டேட் ஒழுங்காக வருகிறதா, விளம்பரத்தைத் தடுக்க விடுகிறதா, மேலே என்னென்ன எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் குட்டி நிரல்) மாட்டி வைத்திருக்கிறீர்கள், இந்த மூன்றைப் பாருங்கள்.

கேள்வி: குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. வைரஸாக இருக்குமா அண்ணா?

இல்லை தம்பி, கூகுள் வேலை. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை மேனிஃபெஸ்ட் வி3 என்று மாற்றி, பழைய விதியில் எழுதியவற்றை 2024-லிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பக்கம் திறக்கும்போது அது எங்கெங்கிருந்து எதைக் கேட்டு வாங்குகிறது என்று எக்ஸ்டென்ஷனே ஒவ்வொன்றாகப் பார்த்து இதை விடு, அதை நிறுத்து என்று முடிவு செய்யும். இப்போது தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பது பிரவுசரின் பொறுப்பு. அதனால்தான் யூபிளாக் ஆரிஜின் லைட் என்று ஒரு சின்ன பதிப்பு வந்திருக்கிறது, சாதாரண உபயோகத்துக்குப் போதும். முழு யூபிளாக் வேண்டுமென்றால் பயர்பாக்ஸுக்குப் போங்கள், அங்கே பழைய முறையும் வேலை செய்கிறது. பிரேவில் தடுப்பு உள்ளேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை.

கூகுளுக்குச் சோறு போடுவதே விளம்பரம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைப் பாருங்கள். ஆனால் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று அவர்கள் சொல்வதையும் சும்மா தள்ளிவிட முடியாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று டேப்களைத் தூங்க வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தது, லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். 2020-இல் அது வேறு ஆள் கைக்கு மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுளே அதைத் தூக்கிவிட்டது. அதைப் போட்டு வைத்திருந்தவர்கள் செய்த தப்பு எதுவுமில்லை, அப்டேட் மட்டும் தானாக வந்து இறங்கியது. எனவே உங்கள் எக்ஸ்டென்ஷன் பட்டியலை இன்றைக்கே ஒரு தடவை திறந்து, எதற்குப் போட்டோம் என்று நினைவில்லாததை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ராம் லேப்டாப், குரோம் திறந்தாலே திணறுகிறது. எட்ஜுக்கு மாறினால் சரியாகுமா?

பெரிதாக ஆகாது. முதலில் குரோமிலேயே ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள், எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். மெமரி என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வந்துவிடுவார்கள். பெரும்பாலும் வாட்ஸப் வெப், விளம்பரம் நிறைந்த ஏதாவது செய்தித் தளம், அப்புறம் மறந்துபோன ஒரு யூடியூப் டேப், இவைதான் இருக்கும். செட்டிங்ஸில், பார்க்காத டேப்களைத் தூங்க வைக்கும் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள், விளம்பரத் தடுப்பான் போடுங்கள், விளம்பரம் வராவிட்டாலே பாதி பாரம் குறையும். அப்போதும் திணறினால் குறை பிரவுசரில் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம் எந்த பிரவுசரை மாற்றினாலும் கிடைக்காது.

கேள்வி: திரையின் வலது ஓரத்தில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறது. பிரவுசரை அழித்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா?

வேண்டாம்மா. எங்கேயோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அது ரோபோ சோதனையே இல்லை, நோட்டிஃபிகேஷன் அனுப்ப நாமே கொடுத்த உரிமை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதித்த தளங்களின் பட்டியல் கீழே இருக்கும், தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனி கேட்கவே கூடாது என்று நிறுத்தவும் வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் உபயோகிக்கும் கம்ப்யூட்டரில் அதை நான் முதல் வேலையாகச் செய்துவிடுவேன். அந்த வைரஸ் செய்தியில் போன் நம்பர் இருந்தால் கூப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இன்காக்னிட்டோவில் (ஹிஸ்டரி சேமிக்காத தனி விண்டோ) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

அதே கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருபவருக்கு ஹிஸ்டரி தெரியாது, அவ்வளவுதான். நெட் கொடுக்கும் கம்பெனிக்கும், நீங்கள் போன தளத்துக்கும், ஆபீஸ் நெட்வொர்க்காக இருந்தால் அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: ஒரு பழைய அலுவலகத் தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாமல் திறக்க மாட்டேன் என்கிறது.

அதன் கதை 2022 ஜூன் 15-ஓடு முடிந்தது. எங்கிருந்தாவது பழைய பதிப்பைத் தேடி இறக்காதீர்கள். எட்ஜின் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசர் பகுதிக்குப் போய் ஐஇ மோடை, அதாவது எட்ஜுக்குள்ளேயே எக்ஸ்புளோரர் போலத் திறக்கும் வசதியை அனுமதித்து, அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். இந்த மோடை 2029 வரைக்குமாவது வைத்திருப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 7 தான் இருக்கிறது. எதைப் போடலாம்?

குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அது 2023 தொடக்கத்தில் வந்தது. பயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பு அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களோடு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் விண்டோஸே ஓட்டையாக இருக்கும்போது பிரவுசர் என்ன செய்யும்? பேங்க் வேலையை அதில் தொடாதீர்கள். முடிந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுப் பாருங்கள், பயர்பாக்ஸ் கூடவே வரும்.

கேள்வி: நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு. ஊர் சுற்ற பயர்பாக்ஸ், அதில் யூபிளாக். பேங்க், வருமான வரி, ரயில் டிக்கெட் இதற்கெல்லாம் எட்ஜ், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடக் கிடையாது. எட்ஜ் எப்படியும் விண்டோஸோடு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று. பயர்பாக்ஸ்காரர்கள் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை, அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம்தான். இருந்தாலும் குரோமியத்துக்கு வெளியே விண்டோஸில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய கடை அது, மூடிவிட்டால் எல்லாரும் கூகுள் வைத்ததே சட்டம் என்று இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: மாறினால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடுமா?

போகாது. பயர்பாக்ஸ் போட்டதும் குரோமிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்கும். பாஸ்வேர்டு மட்டும் சில சமயம் நேராக வராது, குரோமில் சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவர வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் அந்த சிஎஸ்வி ஃபைலை வேலை முடிந்த கையோடு ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள், அதில் எல்லாம் அப்பட்டமாகப் படிக்கும்படி இருக்கும். அப்புறம், பயர்பாக்ஸை இறக்க கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், மொசில்லா டாட் ஆர்க் என்று நீங்களே டைப் செய்து போங்கள்.