சென்சார் வோல்டேஜ்: வாசகர் கேள்விகள்

வேளச்சேரி: இஎஸ்பி32-இல் (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் போர்டு) ஜிபிஐஓ 25 என்ற பின்னில் சென்சாரைப் போட்டேன். வைஃபை போடும் வரை ரீடிங் வருகிறது, போட்டதும் நின்றுவிடுகிறது. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாகவே இருக்கிறது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதிதான் ஏடிசி; இந்தச் சிப்பில் இரண்டு உண்டு. 25 ஏடிசி2-ஐச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை நம்ப முடியாது. ஒயரை 32 முதல் 36 வரையிலோ 39-லோ மாற்றுங்கள், அவை ஏடிசி1. இன்னொன்று: ஏடிசி தரும் உச்ச எண்ணான 4095-ஐ 3.3 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்தச் சிப்பின் ஏடிசி இரு முனைகளிலும் வளைகிறது. ஏறக்குறைய 0.15 முதல் 2.45 வோல்ட் வரைதான் நம்பலாம். ஃபேக்டரி கேலிப்ரேஷனை (சிப்பில் பதித்திருக்கும் திருத்த அளவை) பயன்படுத்தி மில்லிவோல்ட்டாகவே தரும் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

அம்பத்தூர்: இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியை அளக்க என்ன ரெசிஸ்டர்?

பேட்டரி பாசிட்டிவிலிருந்து பின்னுக்கு 56 கே (கிலோ ஓம்), பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே, இரண்டும் 1 சதவீதத் துல்லியம். சார்ஜ் ஆகும்போது வரும் 14.4 வோல்ட், பின்னில் 2.18 ஆகும். படித்ததை 6.6-ஆல் பெருக்குங்கள். 10 கே-க்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரைப் பின்னை ஒட்டி வையுங்கள். பேட்டரி பாசிட்டிவில் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் ஒயர் எரியும்.

மடிப்பாக்கம்: நான்கு மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டியில் 0.5–4.5 வோல்ட் பிரஷர் சென்சார், கீழே கன்ட்ரோலர். மோட்டார் போட்டால் மட்டம் எகிறுகிறது.

நான்கு மாடி ஒயரில் வோல்டேஜை அனுப்புவதுதான் சிக்கல். சென்சாருக்கான கரன்ட்டும் அதே கிரவுண்டு ஒயரில் திரும்புவதால் ரீடிங் விலகுகிறது. மோட்டார் கேபிள் ஒரே பைப்பில் போனால் அதன் இரைச்சலும் சேர்கிறது. சிலர் புரோகிராமில் சராசரி எடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். துள்ளல் குறையும், விலகிய அளவு விலகியபடியே இருக்கும்.

அளவை வோல்டேஜாக இல்லாமல் கரன்ட்டாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் டூ-ஒயர் டிரான்ஸ்மிட்டருக்கு மாறுங்கள். ஒயர் எவ்வளவு நீண்டாலும், 24 வோல்ட் சப்ளை தாங்கும் வரை, கரன்ட் மாறாது. கீழே 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 0.4 முதல் 2.0 வோல்ட், இஎஸ்பி32-க்கு அச்சாகப் பொருந்தும். 2 மீட்டர் ரேஞ்ச் என்றால் மீட்டருக்கு 0.8 வோல்ட். ரெசிஸ்டரிலிருந்து பின்னுக்கு 10 கே தொடராகப் போடுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஷார்ட் ஆனால் 24 வோல்ட் நேராகப் பின்னில் ஏறாது. கேபிளின் ஷீல்டை (ஒயர்களைச் சுற்றிய உலோக உறையை) கீழ்முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: தொட்டி காலி என்றால் 4 மில்லிஆம்பியர், ஒயர் அறுந்தால் பூஜ்யம். 3.6-க்குக் கீழே போனால் ‘ஃபால்ட்’ என்று அனுப்புங்கள், ‘காலி’ என்று அல்ல. இல்லாவிட்டால் அறுந்த ஒயருக்காக மோட்டார் விடியும் வரை ஓடும், தொட்டி வழியும்.

குரோம்பேட்டை: ஆர்டுயினோ ஊனோ போர்டில் எல்எம்35 வெப்பநிலை சென்சார். லேப்டாப்பிலிருந்து சப்ளை கொடுத்தால் 30 டிகிரி, போன் சார்ஜரிலிருந்து கொடுத்தால் 32. எது சரி?

ஊனோ 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைக்கிறது. சார்ஜர் 4.7 வோல்ட் தந்தால், 30 டிகிரிக்கான 300 மில்லிவோல்ட் 319 ஆகத் தெரியும். உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றுங்கள். ஒரு படி அரை டிகிரியிலிருந்து சுமார் 0.1 டிகிரியாகக் குறையும். மாற்றியதும் வரும் முதல் சில ரீடிங்குகளைத் தூக்கிப் போடுங்கள்.

திருவான்மியூர்: கரண்ட் போய் வந்தால் சர்வரில் அந்த நேரத்து ரீடிங்குகள் விட்டுப்போகின்றன. எம்க்யூடிடி-யில் (ரீடிங்கைச் சர்வருக்கு அனுப்பும் முறை) என்ன செய்வது?

வைஃபை வரும் வரை லூப்பில் காத்திருக்க வைக்காதீர்கள். கரண்ட் வந்த பின் ரவுட்டர் எழுந்து நெட் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அதுவரை அளவெடுப்பும் நின்றுவிடும். அளப்பதைத் தனியாக ஓடவிட்டு, ரீடிங்கை அளந்த நேரத்தோடு வரிசையில் வையுங்கள். இணைப்பு வந்ததும் பழையதிலிருந்து அனுப்பி, புரோக்கர் (செய்திகளை வாங்கும் சர்வர்) ஏற்றதை உறுதி செய்த பிறகே வரிசையிலிருந்து அழித்துவிடுங்கள். அதற்கு க்யூஓஎஸ் 1 (பெற்றதற்குப் பதில் வரும் அனுப்பும் நிலை) வேண்டும்; பலருக்குப் பழக்கமான பப்சப்கிளையன்ட் லைப்ரரி பதில் வராத 0-இல் மட்டுமே பப்ளிஷ் செய்யும், வேறு லைப்ரரி தேடுங்கள். நேரத்தை யுடிசி-யிலேயே (உலகப் பொது நேரம்) அனுப்பி, திரையில் காட்டும்போது ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளலாம். போர்டும் சேர்ந்து அணையும் என்றால் ரேமில் இருப்பது போய்விடும். சிறு பவர் பேக்கப் கொடுங்கள்.

கணக்கிட்ட மதிப்போடு கச்சா மில்லிவோல்ட்டையும் அனுப்புங்கள். பெருக்கல் எண் தப்பென்று பிறகு தெரிந்தால், பழைய ரீடிங் அத்தனையையும் திருத்திக்கொள்ளலாம்.