ஊசியில் பாலா, முட்டையா?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. மயக்கத்துக்குப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு ஊசி போட்டார்களாம். அதில் முட்டை கலந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நாங்கள் சைவம். உண்மையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பால் இல்லை. முட்டை, கொஞ்சம் உண்டு. அது அநேகமாகப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. இந்த மருந்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயை அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினாலோ நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொண்டு உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால் மருந்தைச் சோயா எண்ணெயில் கரைத்து, தண்ணீரோடு சேர்த்து, பயங்கர அழுத்தத்தில் சின்ன இடுக்கு வழியாகத் தள்ளி, 200 நானோமீட்டர் அளவுத் துளிகளாக உடைக்கிறார்கள் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலம் சுமார் 7,000 நானோமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த துளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் படிந்திருக்கும். 20 மில்லி மருந்தில் அது கால் கிராம்கூட இல்லை. வெள்ளை நிறம், துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

முதலில் இதை முட்டையில்லாமல்தான் செய்தார்கள், கிரெமோஃபோர் என்ற கரைப்பானில். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வர, அதைக் கைவிட்டு எண்ணெய்த் துளிக்கு மாறி, 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்த ஜான் கிளென் படித்தது கால்நடை மருத்துவம்! 2018-இல் அவருக்கு அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ விருது கிடைத்தது.

ஒரு தொல்லை, எண்ணெயும் லெசித்தினும் கிருமிகளுக்கும் விருந்து. திறந்த பாட்டிலில் மிச்சமானதை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுவது அதனால்தான். முட்டை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளைக்கருப் புரதம்தான் ஆகாது, அவர்களுக்கும் பொதுவாக இதைக் கொடுக்கிறார்கள். இருந்தாலும் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவம் பற்றி, அம்மா என்ன சொல்கிறாரோ அதுதான்.

கேள்வி: 'நானோ மஞ்சள்' சொட்டு சர்க்கரையைக் குணப்படுத்துமா?
– வாசகர், சேலம்

பதில்: குணப்படுத்தாது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளைக் குடல் சரியாக உறிஞ்சாது, நானோ துளியாக்கினால் கூடுதலாக ரத்தத்தில் சேரும், அதுவரை சரி. ரத்தத்தில் சேர்வது வேறு, நோய் தீர்வது வேறு. உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் வெளிநாடுகளில் உண்டு. டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.