‘எல்லாத்துக்கும் ஆர் போட்டிருக்கு டாக்டர்!’ மருந்துக்கு அடங்காத கிருமிகள்: கேள்வி பதில்

ஆஸ்பத்திரியில் வருகிற கிருமித் தொற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்துதான். நான் மைக்ரோபயாலஜி டாக்டர். நாடி பிடித்துப் பார்ப்பது என் வேலை இல்லை. உங்கள் ரத்தத்தையும் சளியையும் தட்டில் வளர்த்து (கல்ச்சர் என்பது இதுதான்), எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பதுதான் வேலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யாருக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கூடவே இருந்து பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை என்னிடம் கேட்காதீர்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்: அப்பா பன்னிரண்டு நாளா ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கார். சளி கல்ச்சர்ல கிளெப்சியெல்லான்னு வந்திருக்கு. எல்லா மருந்துக்கும் ஆர். கொலிஸ்டினுக்கு மட்டும் ஐ. இனிமே மருந்தே இல்லையா டாக்டர்?

பதறாதீர்கள் அம்மா. முதலில் அந்த ‘ஐ’யைப் பார்ப்போம். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் இரண்டுக்கும் நடுவில். ஆனால் கொலிஸ்டினுக்கு எஸ் போட வழியே கிடையாது. பல லேப்கள் பின்பற்றுகிற அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. விதிகளில் 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். கிருமியை அடக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்து அளவு (எம்.ஐ.சி. என்பார்கள்) 2-க்குள் இருந்தால் ஐ, 4-ம் அதற்கு மேலும் என்றால் ஆர். ஆக, அந்த மருந்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல மார்க்கே ஐதான்.

அடுத்தது இதைவிட முக்கியம். அந்தச் சளி, தொண்டைக்குள் போட்ட குழாய் வழியாக உறிஞ்சி எடுத்தது. குழாய் போட்ட சில நாளிலேயே அதன் உட்புறம் முழுக்கக் கிருமி படிந்துவிடும். குழாயில் கிருமி இருப்பது வேறு, நுரையீரலில் நோய் இருப்பது வேறு. புதிதாகக் காய்ச்சல் வந்ததா, சளி மஞ்சளாகி அளவும் கூடியதா, ஆக்சிஜன் தேவை ஏறியதா, எக்ஸ்ரேயில் புது நிழல் தெரிகிறதா? இவை எதுவுமே இல்லாமல் காகிதத்தில் மட்டும் கிருமி இருந்தால், நிறைய நேரங்களில் மருந்தே கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “இது காலனைசேஷனா, இன்ஃபெக்‌ஷனா?” இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லாத டாக்டர் குறைவு.

நோய்தான் என்றால், கிருமி எந்த நொதியை வைத்து மருந்தை உடைக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அடிக்கடி வருவது என்.டி.எம். 2008-ல், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் கண்டுபிடித்ததால் பேரிலேயே நியூ டெல்லி ஒட்டிக்கொண்டது. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010 ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ மருத்துவ இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பேர் வைத்ததற்கு டெல்லியில் கோபப்பட்டார்கள். கிருமி கோபப்படவில்லை, அது பாட்டுக்குப் பரவியது.

என்.டி.எம். நொதியால் அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தை உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமிக்குள் இருக்கிற வேறு நொதிகள் உடைத்துவிடும். செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் கூடக் கொடுத்தால் அவிபாக்டாம் அந்த வேறு நொதிகளைக் கட்டிப்போடும். ஒருத்தன் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தன் அடிக்கிற கதைதான். கையைக் கடிக்கிற விலை, எல்லா இடத்திலும் கிடைக்காது, அசினெட்டோபாக்டர் என்கிற இன்னொரு ஐசியூ கிருமிக்கு இந்த ஜோடி உதவாது. ஆனாலும் கிளெப்சியெல்லாவில் ‘எல்லாம் ஆர்’ என்கிற காகிதத்துக்குப் பிறகும் வழி இருக்கிறது.

வியாசர்பாடி, பி.ஃபார்ம் மாணவர்: ரிப்போர்ட்ல எம்.ஐ.சி. குறைவா இருக்கிற மருந்துதானே பெஸ்ட், மேடம்? சிப்ரோ 0.5, அமிகாசின் 4ன்னு இருந்தா சிப்ரோதானே?

இல்லை தம்பி, இந்தத் தப்பைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் செய்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ‘எஸ்’ முடிகிற கோடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஈ.கோலைக்கு சிப்ரோவின் கோடு 0.25, ஆக 0.5 என்பது கோட்டைத் தாண்டிவிட்டது. அமிகாசினுக்கு 4 என்பது இன்னும் உள்ளே. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32 வந்தாலும் எஸ்தான், ஆனால் அந்த மருந்து மூத்திரப்பையில் மட்டும்தான் வேலை செய்யும், நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ போதாது. கிலோவையும் லிட்டரையும் பக்கத்தில் வைத்து எது சின்னது என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். எழுத்தைப் பார், அப்புறம் நோய் எந்த இடத்தில் என்று பார். எண்ணைக் கடைசியாகப் பார்.

ராயபுரம்: எங்க வீட்டுக்காரருக்கு பாலிமிக்சின் பி போட்டு ஒரு வாரம் ஆச்சு. முகமும் கழுத்தும் கறுத்துப் போச்சு. லிவர் போயிடுச்சுன்னு பக்கத்துப் பெட்காரங்க சொல்றாங்க.

லிவர் இல்லை. பாலிமிக்சின் பி போட்ட சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் தோல் கறுக்கும். தெரிந்த பக்க விளைவுதான். மருந்தை நிறுத்திய பிறகு மெதுவாகக் குறையும், மாதக்கணக்கில் ஆகலாம். நீங்கள் கண் வைக்க வேண்டியது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. கொலிஸ்டினும் இதுவும் ஒரே குடும்பம், இரண்டும் சிறுநீரகத்தைத் தொல்லை செய்யும். கொலிஸ்டினை ஜப்பானில் 1950 வாக்கில் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகம் கெடுகிறது என்று பிறகு பரணில் போட்டுவிட்டார்கள். வேறு மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் திரும்ப இறக்கிக்கொண்டோம். தினமும் மூத்திரம் எவ்வளவு போகிறது என்று சிஸ்டர் குறிப்பது இதற்காகத்தான். அந்தச் சீட்டைப் பார்க்கக் கேட்கலாம், தப்பில்லை.

திருவொற்றியூர்: மெரோபெனம் மூணு மணி நேரம் ஏத்துறாங்க. போன ஆஸ்பத்திரில அஞ்சு நிமிஷத்துல போட்டாங்க. ஏமாத்துறாங்களா?

அடக் கடவுளே, இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு உயரம் போகிறது என்பது பெரிய விஷயம் இல்லை, கிருமியை அடக்கும் அளவுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அடங்காத கிருமிக்கு மெதுவாக ஏற்றுவதே நல்லது. ‘சீக்கிரம் முடிங்க’ என்று சொல்லி டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டாதீர்கள். சக்கரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: பாட்டிக்கு யூரின் பேக் போட்டு ஒன்றரை மாசம். காய்ச்சல் இல்ல, நல்லா சாப்பிடுறாங்க. யூரின் கல்ச்சர்ல ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை. ஊசி போடணுமா?

ஈ.எஸ்.பி.எல். என்பது பல ஆன்டிபயாடிக்குகளை உடைக்கிற நொதி. ஆனாலும் பாட்டி நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. ஒரு மாதம் டியூப் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் மூத்திரத்தில் கிருமி வளரும். கர்ப்பிணிகள், மூத்திரப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் வேறு கணக்கு. மற்றபடி அறிகுறி இல்லாதவருக்கு ஊசி போட்டால், அடுத்த முறை வருகிற கிருமி இன்னும் முரடாக வரும். இன்னொன்று, சாம்பிளை எங்கிருந்து எடுத்தார்கள்? பையிலிருந்து என்றால் அந்த ரிப்போர்ட்டைக் கசக்கிப் போடலாம். பழைய டியூபை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பாட்டிக்கு அந்த டியூப் இன்னும் எதற்கு? எடுக்க முடிந்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

காசிமேடு, வலைக்காரர்: சுகர் இருக்கு. கால்ல மீன் முள்ளு குத்தி புண்ணாகி ரெண்டு மாசம். மூணு விதமா ஆன்டிபயாடிக் மாத்தியாச்சு. ஆறல.

அண்ணே, மருந்து ரத்தத்தோடுதான் போகிறது. செத்த சதையில் ரத்தம் ஓடாது. உள்ளே சீழும் செத்த சதையும் எலும்பில் தொற்றும் இருக்கும்வரை எத்தனை மருந்து மாற்றினாலும் வாசலில் நின்று கத்துகிற கதைதான். முதலில் அறுவைக்காரர் சுத்தம் செய்ய வேண்டும். காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்க வேண்டும். கல்ச்சருக்கு மேலாகப் பஞ்சு வைத்து ஒற்றி அனுப்பினால் தோல்மேல் இருக்கிற எல்லாக் கிருமியும் வளர்ந்து குழப்பும். சுத்தம் செய்த பிறகு ஆழத்திலிருந்து ஒரு துண்டுச் சதையை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடல் தண்ணீரில் பட்ட காயம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதில் வருகிற கிருமிகள் வேறு. இனி புதிதாக முள் குத்தி, சில மணி நேரத்திலேயே கால் வீங்கிக் கொப்புளம் போட்டுக் கறுத்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுகரும் லிவர் கோளாறும் உள்ளவர்களுக்கு விப்ரியோ என்கிற கடல் தண்ணீர்க் கிருமி அவ்வளவு வேகமாகப் பரவும்.

எண்ணூர்: அம்மா டிஸ்சார்ஜ் ஆகிறாங்க. வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை. தனி ரூம் வேணுமா?

வேண்டாம். துணியை எப்போதும் போலத் துவைத்தால் போதும், யாரோ சொன்னார்கள் என்று எரிக்க வேண்டாம். புண்ணையோ பையையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

எம்.கே.பி. நகர், மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்பவர்: ‘செஃபிக்சிம் ரெண்டு குடுப்பா’ன்னு சீட்டு இல்லாம வராங்க. குடுக்கலன்னா அடுத்த கடைல வாங்கிடறாங்க. நான் மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகுது?

செஃபிக்சிம் 2014 மார்ச் 1 முதல் எச் 1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு வேண்டும், யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2012 ஆகஸ்டில் இதே சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் கேட்டவற்றில் கடை விற்பனைக் கட்டுப்பாடும் ஒன்று. உங்கள் சங்கடம் புரிகிறது. முதலாளி வேறு இருப்பார். ஆனால் இரண்டு மாத்திரை வாங்கிப் போகிறவர்களில் பலருக்கு வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும், அதற்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருக்கிற ஈ.கோலைக்கு மட்டும் நல்ல பயிற்சி.

பெரம்பூர், ஸ்டாஃப் நர்ஸ்: எல்லாரும் எங்களைத்தான் ‘கை கழுவல’ன்னு சொல்றாங்க அக்கா. எட்டு பெட்டுக்கு ரெண்டு பேர். எப்படிக் கழுவறது?

நியாயமான கோபம். அதனால்தான் ஆல்கஹால் ரப் பெட் காலடியிலேயே இருக்க வேண்டும் என்கிறோம். இருபது, முப்பது விநாடி போதும். பேதி நோயாளிக்கும் கண்ணுக்குத் தெரிகிற அழுக்குக்கும் மட்டும் சோப்பும் தண்ணீரும்.

கை கழுவுகிற இடமே எதிரியான கதை ஒன்று சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஐசியூவில் அடுத்தடுத்த இரண்டு பெட்டில் மட்டும் சூடோமோனாஸ் திரும்பத் திரும்ப வந்தது. நோயாளி மாறுவார், கிருமி மாறாது. சிஸ்டர்களின் கையில் ஸ்வாப் எடுத்தோம், ஒன்றும் இல்லை. எல்லோரையும் திட்டி முடித்த பிறகுதான் ஒரு மத்தியானம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்த இரண்டு பெட்டுக்கும் நடுவில் வாஷ்பேசின். மிச்ச சலைனை அதில் ஊற்றுகிறார்கள், டீ மிச்சத்தையும் ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீர் நேராக ஓட்டையில் விழுந்து தெறிக்கிறது. தெறிக்கிற தூரத்தில் ஊசி மருந்து கலக்குகிற டிரே. ஓட்டையில் ஸ்வாப் விட்டு எடுத்தால் அதே கிருமி, அதே ஆர் வரிசை. டிரேயை நகர்த்தினோம், குழாயை ஓட்டைக்கு நேராக இல்லாமல் மாற்றினோம், மிச்சம் ஊற்ற வேறு தொட்டி கொடுத்தோம். அந்த சிஸ்டர்களிடம் நான் மன்னிப்பும் கேட்டேன். உங்கள் வார்டில் வாஷ்பேசின் பக்கத்தில் என்ன இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மணலி: ரஷ்யா பக்கம் கிருமியைத் தின்னும் வைரஸ் வைத்தியம் இருக்காமே?

ஃபேஜ் என்பார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-லிருந்து அதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. உண்மையான விஷயம்தான். ஆனால் உங்கள் கிருமிக்குப் பொருந்துகிற ஃபேஜைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஐசியூ அவசரத்துக்கு ஆகாது.

தண்டையார்பேட்டை மகள், மறுபடியும்: கேட்டேன் டாக்டர். ‘இன்னும் தெரியல, பிளட் கல்ச்சர் அனுப்பிப் பார்க்கலாம்’னு சொன்னார். நாலு பாட்டில் ரத்தம் எடுத்துட்டாங்க. ஏற்கனவே சோர்ந்து போயிருக்கார், இவ்வளவு எடுக்கலாமா?

நல்ல டாக்டர், எடுக்கட்டும். பாட்டிலுக்குப் பத்து மில்லி, நாலும் சேர்த்து நாற்பது. அப்பா உடம்பில் ஐந்து லிட்டர் பக்கம் ரத்தம் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ரத்தத்தில் தொற்று இருந்தாலும் பல நேரம் ஒரு மில்லியில் ஒரு கிருமிகூட இருக்காது. கொஞ்சமாக எடுத்தால் வலையில் சிக்காது. அந்தப் பாட்டில்களை வைக்கிற மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானே பார்த்துக்கொண்டிருக்கும். கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் விளக்கு எரிந்துவிடும். இன்று செவ்வாய். வியாழக்கிழமை சாயங்காலம் லேபில் கேளுங்கள். சளி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டிலும் ஒரே கிருமியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.