நடக்காத கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கப்பலூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், பிளேட்டிங் பிரிவில், அதாவது உலோகத்துக்கு முலாம் பூசும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தால் மொத்தம் 280 பேர். பாதுகாப்புக் கமிட்டி என்று ஒரு பட்டியல் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது. நிர்வாகத் தரப்பில் ஐந்து பேர், தொழிலாளர் தரப்பில் மூன்று பேர். அந்த மூன்றில் நானும் ஒருவன். எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஹெச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதோடு சரி. ஒரு வருடமாகக் கூட்டமே கிடையாது. போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன் ஒருவனுக்குக் காலில் ஆசிட் கொட்டிவிட்டது. அவனுக்குக் கம்பூட் கொடுத்திருக்கவில்லை. கான்ட்ராக்டர் தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு, ரூமில் படுக்க வைத்துவிட்டார். இப்போது பொருள் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறதாம். நான்கு கூட்டம் நடந்ததாக மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் என்ன ஆகும்? போடாவிட்டால் வேலைக்கு ஆபத்தா? இந்தக் கமிட்டியை உருப்படியாக நடத்த வழி இருக்கிறதா? (பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதினால் அது பொய்ப் பதிவேடு. அது ஆடிட்டோடு முடிந்துபோகும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முடியாது. அந்த நோட்டு கம்பெனியின் பீரோவிலேயே இருக்கும். நாளைக்கு அதே ஆசிட் தொட்டியருகில் இன்னொரு விபத்து நடந்து விசாரணை வந்தால், முதலில் எடுத்து நீட்டப்படுவது அதுதான். "தொழிலாளர் பிரதிநிதிகள் நான்கு கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை, இதோ கையெழுத்து" என்பார்கள். அடிபட்டவனின் வழக்கை உங்கள் கையெழுத்தே உடைத்துப் போடும். பொய் ஆவணம் தயாரிக்கத் துணைபோனதாக உங்கள் மேலேயும் கை நீளலாம்.

வாயால் மட்டும் மறுத்துவிட்டு வராதீர்கள். ஒரு பக்கத்தில் மரியாதையாக எழுதிக் கொடுங்கள்: இன்னின்ன தேதிகளில் கூட்டம் நடந்ததாக எனக்குத் தெரியாது, நான் கலந்துகொள்ளாத கூட்டத்துக்குக் கையெழுத்திட இயலாது, முறையாகக் கமிட்டி அமைத்துக் கூட்டம் கூட்டினால் முழு ஒத்துழைப்புத் தருகிறேன். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் முரண்டு பிடிக்கவில்லை, சட்டப்படி நடக்கச் சொல்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987இல் திருத்தினார்கள். அப்போது வந்ததுதான் 41ஜி பிரிவு. அபாயகரமான செய்முறை நடக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றது அது. எலக்ட்ரோபிளேட்டிங் அந்த அபாயப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. கமிட்டி அமைக்கச் சொல்லி அரசு பொது உத்தரவோ தனி உத்தரவோ போடலாம் என்கிறது அதன் 22ஆம் பிரிவு. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பை விடக் குறையக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகளும் உத்தரவுகளும் புதிய தொகுப்புக்கு முரணாக இல்லாத வரை தொடரும். ஆகவே "பழைய சட்டம் போயிடுச்சு, கமிட்டி தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் கம்பெனியின் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு பழைய சட்டப்படியும் தப்பு, புதிய சட்டப்படியும் தப்பு. ஹெச்.ஆர். கைகாட்டியவர் தொழிலாளர் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். தொழிலாளர் தரப்பைத் தொழிலாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்ணிக்கை விஷயத்தில் இன்னொரு தந்திரம் நடக்கும். 280 பேரில் கான்ட்ராக்ட் ஆட்களைக் கழித்துவிட்டு, "எங்களிடம் நூற்றுச் சொச்சம் பேர்தான்" என்று காட்டுவார்கள். இடம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிற்சாலையின் தொழிலாளிதான் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே பளிச்சென்று சொன்னது. இந்தக் கணக்கில் இன்னொரு காரியமும் அடங்கியிருக்கிறது. அபாயகரமான செய்முறை உள்ள தொழிற்சாலையில் 250 தொழிலாளர் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர் இருப்பதாகவே தெரியவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

கமிட்டியில் யார் யார் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தலைவராக இருப்பவர் செலவுக்கு ஒப்புதல் தரக்கூடிய அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்பவர் தலைவராக இருந்தால் கமிட்டி நகராது. உற்பத்தி, பராமரிப்புப் பிரிவுகளோடு பர்ச்சேஸ் பிரிவிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்பது தொழிற்சாலை விதிகளில் பழகிய ஏற்பாடு. பர்ச்சேஸ் எதற்கு என்று பலர் கேட்பார்கள். குரோமிக் ஆசிட் தொட்டிக்கு முழங்கை வரை வரும் ரப்பர் அல்லது பி.வி.சி. கையுறை வேண்டும். விலை குறைவென்று துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தால், அது ஆசிட்டை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அந்த முடிவு எடுக்கப்படுவது பர்ச்சேஸ் மேசையில். எடுத்தவர் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் பேச்சுக்குப் பலன் இருக்கும்.

தொழிலாளர் தரப்பில் பிரிவுக்கு ஒருவர், ஷிஃப்டுக்கு ஒருவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நைட் ஷிஃப்டை மறந்துவிடாதீர்கள், சூப்பர்வைசர் இல்லாத நேரத்து ஆபத்துகள் அவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் வேலை செய்தால் அவர்களில் ஒருவர் வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும். உங்கள் கம்பெனியில் கால் வெந்தது அவர்கள் பக்கத்து ஆளுக்குத்தானே. ஒடியாவும் இந்தியும் மட்டும் தெரிந்த பையனுக்குத் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையால் என்ன பயன்? அவன் மொழியில் ஒரு பலகை வைக்கச் சொல்வதையே முதல் கூட்டத்தின் முதல் தீர்மானமாக வையுங்கள். செலவு சொற்பம், மறுக்க ஒரு காரணமும் கிடைக்காது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதிகளின் கணக்கு. பிளேட்டிங் மாதிரி இடத்துக்கு அது போதாது, மாதம் ஒரு முறை கேளுங்கள். கூட்டத்துக்கு முன் நிர்வாகத்தில் ஒருவரும் தொழிலாளரில் ஒருவரும் சேர்ந்து ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். தொட்டி விளிம்பில் எக்ஸாஸ்ட் இழுக்கும் இடத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கப்பட்டால் சரி, தொங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஆவி முழுவதும் உங்கள் மூக்குக்குள் போகிறது. கண் கழுவும் குழாயைத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த தண்ணீர் வந்தால், யாரும் அதைத் திறந்து பார்த்தே மாதக்கணக்கு ஆகியிருக்கிறது என்று அர்த்தம். சயனைடு கலந்த தொட்டி இருந்தால் அதன் வடிகாலும் ஆசிட் தொட்டியின் வடிகாலும் எங்கேயாவது சேர்கின்றனவா என்று கடைசி வரை நடந்து பாருங்கள். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொல்லும் வாயு கிளம்பும். இதில் மட்டும் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

குரோமிக் ஆசிட் ஆவியை நாள்பட மூச்சில் இழுப்பவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் புண் வந்து ஓட்டையே விழும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தாலும் சூடு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குரோமியத்தால் வரும் புண் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்று. அபாயகரமான செய்முறையில் இருப்பவர்களுக்கு வேலையில் சேரும்போதும், அதன்பின் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளி பார்க்க உரிமை உண்டு. பிளேட்டிங் பிரிவில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, முடிவு என்ன என்று கமிட்டியில் கேளுங்கள்.

இனி மினிட்ஸ். "பாதுகாப்புக் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதிய பக்கத்துக்கும் வெற்றுத் தாளுக்கும் வித்தியாசம் இல்லை. இப்படி எழுத வேண்டும்: "3ஆம் எண் தொட்டியின் எக்ஸாஸ்ட் பெல்ட் அறுந்துள்ளது. பராமரிப்புப் பொறியாளர் 15ஆம் தேதிக்குள் மாற்றுவார். அதுவரை அந்தத் தொட்டி ஓடாது." என்ன குறை, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் முந்தைய மினிட்ஸை வாசித்துத்தான் தொடங்க வேண்டும். முடிக்காமல் விட்ட வேலை முடிக்காததாகவே மறுபடி எழுதப்பட வேண்டும். ஒரே குறை மூன்று கூட்டமாக வந்துகொண்டிருந்தால், ஆபத்து தெரிந்தும் நிர்வாகம் சும்மா இருந்தது என்று நிரூபிக்க அதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு வேண்டியதில்லை. கூட்டம் முடிந்த அன்றே கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர யோசித்தால் போனில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், அதையும் மறுத்தால் மறுத்ததை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கமிட்டியில் சம்பளம், போனஸ், யூனியன் தகராறு எதையும் இழுக்காதீர்கள். அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. இங்கே கொண்டுவந்தால், "இவர்கள் பாதுகாப்பை வைத்து அரசியல் செய்கிறார்கள்" என்று சொல்லி ஆசிட் தொட்டியையும் சேர்த்து மூடிவிடுவார்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் கூட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய தொகுப்பின் 14ஆம் பிரிவுப்படி எந்த ஊழியரும் நேரடியாகவோ கமிட்டி உறுப்பினர் வழியாகவோ நிர்வாகத்துக்குச் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். மதுரையில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, மனுவை அங்கே கொடுங்கள். ஆனால் கோபத்தில் எல்லோரும் சேர்ந்து வேலையைப் போட்டுவிட்டு வெளியே வராதீர்கள். முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் என்று அதைத் திருப்பிவிடுவார்கள். எழுத்தில் எச்சரித்துவிட்டு, ஆபத்தான அந்த ஒரு இடத்திலிருந்து மட்டும் விலகி, வேறு வேலை கொடுங்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வேலை பற்றிய பயம் நியாயமானது. பழிவாங்கும் நோக்கில் வேலையை விட்டு நிறுத்துவதைச் சட்டம் நேர்மையற்ற தொழில் நடைமுறை என்கிறது. நிறுத்தினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தனிநபர் தகராறாக எழுப்பலாம், அங்கே முடியாவிட்டால் வழக்காகக் கொண்டுபோகலாம். அப்போது நான் முதலில் கேட்கப்போவது, மேலே சொன்ன அந்த ஒரு பக்கக் கடிதத்தைத்தான். மற்ற இரண்டு தொழிலாளர் பிரதிநிதிகளிடமும் இன்றைக்கே பேசுங்கள். மூன்று பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் ஒருவரை மட்டும் தனியாகப் பிடித்து மிரட்டுவது கஷ்டம்.

கடைசியாக, கால் வெந்த அந்தப் பையன். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். விபத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் நிர்வாகம் அரசுக்கு விபத்து அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ரூமில் படுக்க வைத்து மறைப்பது குற்றம். அவனுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். கான்ட்ராக்டர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின், அதாவது உங்கள் கம்பெனியின் தலையில்தான் வரும். கிளினிக் சீட்டு, காயத்தின் படம், அன்றைக்குக் கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர் ஆகியவற்றை இந்த வாரமே சேர்த்து வையுங்கள். அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது சிரமம்.