பீம்டைம் கிடைத்தாயிற்று, பாதுகாப்புப் படிவம்தான் பாக்கி: கேள்வி-பதில்

சிகாகோவுக்கு அருகே ஆர்கோன் ஆய்வகத்தில் உள்ள ஏபிஎஸ் சிங்க்ரோட்ரானில் (செறிவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம்) பீம்டைம், அதாவது சோதனை செய்ய ஒதுக்கிய நேரம், வாங்கியிருக்கும் நம் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அங்கே நிரப்ப வேண்டிய பாதுகாப்புப் படிவத்துக்கு ஈசாஃப் என்று பெயர். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரானுக்குப் போகிறவர்களுக்கு அதுவே ஏ-ஃபார்ம். பெயர்தான் வேறு, கேட்கும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்.

ப்ரொபோசலில் (பீம்டைம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம்) எல்லாம் எழுதிவிட்டோமே, மறுபடியும் எதற்கு?

ப்ரொபோசலைப் படித்தவர்கள் உங்கள் அறிவியல் தேறுமா என்று பார்த்தவர்கள். ஈசாஃபைப் படிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் கை அந்த மேசையில் என்னென்ன செய்யப்போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். ப்ரொபோசல் பத்தியை வெட்டி ஒட்டினால் படிவம் நிச்சயம் திரும்பி வரும்.

ஈயம் கலந்த பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிக அமைப்புள்ள பொருள்) நானோ தூள் எங்கள் சாம்பிள். "சிறிதளவு, ஆபத்தில்லை" என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், சார்.

அனுப்பத்தான் செய்வார்கள். சிறிதளவு என்றால் எவ்வளவு? ஆபத்தில்லை என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள். நீங்கள் தர வேண்டியது விவரம் மட்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன் (காப்டன் என்பது ஒருவகை பிளாஸ்டிக் படலம்; பீம்லைன் என்பது எக்ஸ்-கதிர் வந்துசேரும் சோதனை இடம்):

"சீசியம் ஈய புரோமைடு, ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம், மொத்தம் 8 சாம்பிள். போரான் நைட்ரைடுடன் கலந்து எங்கள் ஆய்வகத்திலேயே வில்லையாக அழுத்தி, இருபுறமும் காப்டன் டேப் ஒட்டி, தனித்தனி உறையில் கொண்டுவருவோம். பீம்லைனில் எதையும் பிரிக்க மாட்டோம். வில்லை உடைந்தால் கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்து மூடிய உறையில் போட்டு ஊழியரிடம் ஒப்படைப்போம். அறை வெப்பநிலையில் மட்டுமே அளவீடு. எல்லா சாம்பிளும் எங்களுடனேயே திரும்பும்."

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள், வெப்பநிலையைச் சொல்லும் வரி அது. நானோ தூள் என்றதுமே அவர்கள் முதலில் பார்ப்பது அது காற்றில் பறக்குமா என்பதை. டேப்புக்குள் அடைபட்ட வில்லை என்றால் அந்தக் கவலை பாதி குறைந்துவிடும். ஆனால் அதே வில்லையை உலையில் வைத்து 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினால் கதையே மாறிவிடும்: பொருள் உருகும், ஈயம் கலந்த ஆவி கிளம்பும், காப்டன் அந்த வெப்பத்தைத் தாங்காது. அப்போது ஆவியை எங்கே உறிஞ்சி வெளியேற்றுவீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும். உச்ச வெப்பநிலையைக் குறிப்பிடாத படிவத்தை நானே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹைட்ரஜன் 5 விழுக்காடு உள்ள கலவை வாயுவில் வினையூக்கியைச் சூடாக்கப் போகிறோம். குறைந்த அளவுதானே?

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை இருந்தால் தீப்பற்றும். "குறைந்த அளவு" என்ற சொல் இங்கே எடுபடாது. மீதி 95 விழுக்காடு என்ன வாயு என்பதையும் எழுதுங்கள். நைட்ரஜனோடு கலந்த ஹைட்ரஜனுக்கும் ஆர்கானோடு கலந்ததற்கும் தீப்பற்றும் எல்லை ஒன்றல்ல. சிலிண்டரின் அளவு, ஓட்ட வேகம், வெளியேறும் குழாய் எங்கே போகிறது, வாயுவை மாற்றும்போது இடையில் எதை ஓட்டிக் கழுவுவீர்கள் என்பதெல்லாம் வேண்டும். ஒரு சிறு படம் வரைந்து இணைத்தால் நாலு மின்னஞ்சல் மிச்சம்.

எங்கள் துறையில் நாங்களே செய்த ஹீட்டரைக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் சோதனைக்கு உட்படும். யூஎல் (அமெரிக்க மின்பாதுகாப்புச் சான்று) போன்ற அங்கீகார முத்திரை இல்லாத மின்கருவியை அங்குள்ள மின்பாதுகாப்பு ஆய்வாளர் பார்த்து அனுமதித்த பிறகுதான் செருக விடுவார்கள். உலோகப் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா, ஃபியூஸ் எங்கே, கைபடும் இடத்தில் திறந்த இணைப்பு உண்டா என்று பார்ப்பார். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளித்த இணைப்புகளைக் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடுங்கள். நம்மூர் 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டர், அங்கே சுவரில் வரும் 120 வோல்ட்டில் பாதி சூடுகூடக் காட்டாது. இதையும் பீம்லைன் விஞ்ஞானியிடம் முன்னதாகவே பேசுங்கள்.

இரவு ஷிஃப்டுக்கு அங்கே படிக்கும் நண்பரைக் கூப்பிடலாமா?

அவர் பெயர் ஈசாஃபில் இருந்து, பயிற்சிகளும் முடித்திருந்தால் தாராளமாக. இல்லையென்றால் முடியாது. நீங்கள் இந்தியக் குடிமக்கள் என்பதால் 593 என்ற வெளிநாட்டினர் அனுமதிப் படிவமும் உண்டு. எதற்கும் முன்னால் அதை அனுப்பிவிடுங்கள்.

அங்கே போன பிறகு புது சாம்பிள் ஒன்றை அளக்கத் தோன்றினால்?

பட்டியலில் இல்லாததை அளக்கக் கூடாது. படிவத்தைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்; ராத்திரி இரண்டு மணிக்கு அதற்கு யார் கிடைப்பார்கள்? அதனால் தேவைப்படலாம் என்று தோன்றும் சாம்பிள்களையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அளக்காமல் விட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காகத் தனிம அட்டவணையையே எழுதி அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எந்த வடிவில், உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வரும் பதில் மின்னஞ்சலுக்கு நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.